கமலாத்தாள் காட்டில் தங்கிய ரோடு

1974-ஆம் வருஷம் சித்திரை பதினோராம் தேதி திறந்து வைக்கப்பட்ட ஊசிப்பள்ளம் பாலத்தின் மேல் ஐம்பத்திரண்டு நாட்கள் ஒரு வண்டிகூடப் போகவில்லை. சேலத்தில் புறப்பட்டுக் கன்னியாகுமரி வரை போகிற தேசிய நெடுஞ்சாலை, கமலாத்தாளின் கடலைக்காட்டை விட்டு வர மறுத்துவிட்டது. பாலத்தில் குறை எதுவும் இல்லை. எதிரெதிரே வரும் இரண்டு லாரிகள் உரசாமல் போகலாம். கைப்பிடிச் சுவருக்குக் கறுப்பும் வெள்ளையும் அடித்திருந்தார்கள். அந்த ஐம்பத்திரண்டு நாளும் வெள்ளாடுகள் அதன் மேல் படுத்திருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் மிளகாய் காயப்போட்டார்கள். மிளகாய் இரண்டே நாளில் காய்ந்தது.

வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை அந்த ரோட்டைக் குறுக்கே வெட்டுகிறது. அந்தப் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்பார்கள். ஊசிப்பள்ளத்தின் மேல் வெள்ளைக்காரன் காலத்துக் கல்பாலம் ஒன்று இருந்தது. ஒரு லாரி ஏறினால் எதிரே வந்த லாரி நின்று பீடி பற்ற வைக்கும். கஞ்சிக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. பீடிகள் அதிகமாயின. 1972 தை மாதம், ரோட்டை அகலப்படுத்தி, கல்பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. கட்டி முடிக்கும்வரை வண்டிகள் போக வேறு வழி வேண்டும். பள்ளம் ஆழமில்லாமல் அகலமாகக் கிடக்கும் இடம் ஒன்றுதான். அதற்கு இரண்டு பக்கமும் கமலாத்தாளின் நிலம்.

நாலு ஏக்கர் செம்மண். வடகரப்பதியில் பிறந்த கமலாத்தாள் கல்யாணமாகி இங்கே வந்த நாள்முதல் அந்த நாலு ஏக்கர்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. மலையடிவாரத்தில் இன்னொரு காடு உண்டு. அதில் விளைவதை யானை தின்னும். பாலத்து வேலையை மேற்பார்த்த ஓவர்சியர் மத்தியாஸ், தெற்கே பாலா என்ற ஊர்க்காரர், ஒல்லியான மனிதர். குடையை விரிக்கவே மாட்டார். அதை நிலத்தில் ஊன்றி ஊன்றி அளப்பார். காட்டை அப்படி ஒரு தரம் அளந்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"சேச்சி, ஒரு வருஷம் மதி, அது போதும். பாலம் தீர்ந்ததும் ரோடு அதன் பாட்டுக்குப் போயிடும்."

"போகலீன்னா?"

"ரோடு அல்லே சேச்சி? நம்ம சொன்ன இடத்துக்குத்தானே போகணும்?"

கமலாத்தாள் சம்மதித்தாள். மாட்டுப் பட்டியை மட்டும் அசைக்கக் கூடாது என்றாள். அதனால் அந்த மாற்றுப்பாதை காட்டுக்குள் நுழைந்து, பட்டியை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு, பள்ளத்தில் இறங்கி, ஏறி, மறுபடி பழைய ரோட்டில் சேர்ந்தது. உழ நிலம் இல்லாததால் அவள் புருஷன் சின்னையன் உழவுமாடுகளை விற்றான். பட்டியில் ஒரு கறவை மாடும் கன்றும் நின்றன.

முதல் வாரம் ரோடு சொன்னபடி கேட்கவில்லை. லாரிகள் குழியைத் தவிர்க்கப் பக்கவாட்டில் ஒதுங்கின. அடுத்த லாரி அதையும் தாண்டி ஒதுங்கியது. நாளுக்கு ஒரு கஜம் என்று ரோடு கிணற்றுப் பக்கம் நகர்ந்தது. வியாழக்கிழமை கன்றுக்குட்டியின் வாலை ஒரு சக்கரம் தொட்டுவிட்டுப் போயிற்று. சின்னையன் பேசாத ஆள். பேசாத ஆட்கள் எதையாவது செய்வார்கள். அவன் வீட்டில், சந்தையிலிருந்து புது மாடு வந்தால் செய்கிற முறை ஒன்று உண்டு. மஞ்சள் தண்ணீரில் அதன் காலைக் கழுவி, பட்டியைச் சுற்றி நடத்தி, வலது முன்னங்காலடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டுத்தறிக் கல்லுக்கு அடியில் வைப்பார்கள். ஒரு உருண்டை களி ஊட்டுவார்கள். காதில் ஒரு வார்த்தை சொல்வார்கள். அதோடு அந்த மாடு வேறெங்கும் போகாது. நாற்பது வருஷத்தில் அந்த வீட்டு மாடு ஒன்றுகூட வழி தவறியதில்லை. வெள்ளிக்கிழமை காலை, கமலாத்தாள் எண்ணெய் ஆட்டக் கஞ்சிக்கோட்டுக்குப் போயிருந்தபோது, சின்னையன் ரோட்டுக்கு அதைச் செய்தான். பட்டியைச் சுற்றி நடத்த வேண்டிய வேலை இல்லை. ரோடு ஏற்கெனவே சுற்றித்தான் கிடந்தது. களியை ரோட்டில் வைத்தான். காது எங்கே என்று தெரியாததால் குப்புறப் படுத்து, மண்ணில் வாயை வைத்துச் சொன்னான்.

மறுநாளிலிருந்து ஒரு சக்கரமும் கோடு தாண்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று டிரைவர்கள் சொன்னார்கள். சிலர் ஓட்டியும் பார்த்தார்கள். மத்தியாஸ் குடையை ஊன்றி அளந்துவிட்டு, மண் ரோடு இவ்வளவு ஒழுங்காக அவர் சர்வீஸில் கண்டதில்லை என்றார். யாரும் கேட்காததால் சின்னையன் எதுவும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் இரண்டே கால் வருஷமாயிற்று. சிமெண்ட் கிடைக்கவில்லை, கம்பி கிடைக்கவில்லை, கிடைத்தபோது பள்ளத்தில் தண்ணீர் வந்தது. கமலாத்தாளுக்கு அந்த இரண்டே கால் வருஷமும் நன்றாகத்தான் போயிற்று. பாத்திரத்தில் மோர் கரைத்துப் பட்டிக்கு முன்னால் வைப்பாள். வண்டிகள் நின்று குடித்துவிட்டுப் போகும். பதிலுக்கு யாராவது எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். நாக்பூர் ஆரஞ்சு வந்தது. பஞ்சாப் லாரியிலிருந்து ஒரு கம்பளி வந்தது. மூணாற்று எஸ்டேட் கூலி லயத்தில் பிறந்து, கோயமுத்தூர்ப் பஞ்சுப் பொதிகளைக் கொச்சிக்கு ஓட்டும் வேதமுத்து மாதம் ஒரு பொட்டலம் தேயிலை கொடுப்பான். அவள் அதுவரை தொலைவாக எங்கும் போனதில்லை. இப்போது கன்னியாகுமரியில் மழை என்றால் இரண்டாம் நாள் அவளுக்குத் தெரியும். லாரிப் படுதா ஈரமாக வரும்.

ரோட்டுக்கும் பழக்கங்கள் ஏற்பட்டன. உச்சிவெயிலில் மூச்சு வாங்கும். அப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் உடனே குடித்துவிடும். பொழுது சாயும்போது அரை மணிநேரம் மெதுவாக அசை போடும். அந்த நேரத்தில் எந்த வண்டியும் பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் போகாது. ஈக்கள் அதிகமான பங்குனி மாதத்தில் அங்கங்கே தோலைச் சிலிர்க்கும். மேலே போகிற பஸ் லேசாகக் குலுங்கும். குழந்தைகள் இன்னொரு தரம் என்று கேட்பார்கள். இதையெல்லாம் கமலாத்தாள் கவனித்தாள். மண் ரோடு என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

பாலம் திறக்கிற நாளில் பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். கை தட்டினார்கள். அவருடைய கார் முதலில் பாலத்தில் ஏற வேண்டும். மாலையோடு காரில் ஏறி உட்கார்ந்து, கிளம்பு என்றார். கார் கிளம்பி, நேராகப் போய், கமலாத்தாளின் பட்டி வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து மோர்ப் பாத்திரத்தைப் பார்த்தான். அப்புறம் பின்னால் திரும்பிப் பாலத்தைப் பார்த்தான். பெரிய மனிதர் மோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் எல்லா வண்டிகளும் பாலத்துக்கு இருபது அடி முன்னால்வரை வந்தன. அதற்கப்புறம் காட்டில் இருந்தன.

மத்தியாஸ் வேதமுத்துவைப் பிடித்துக்கொண்டார். வேதமுத்து சத்தியம் செய்தான்.

"ஸ்டீயரிங்க நான் தொடவே இல்ல சார். வண்டி நேராத்தான் போச்சு. ரோடுதான் இங்க இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

மாற்றுப்பாதையின் இரண்டு வாயிலும் தார் டிரம்களை அடுக்கினார்கள். வண்டிகள் டிரம்களுக்கு அந்தப் பக்கம் இருந்தன. குறுக்கே அகழி வெட்டினார்கள். காலையில் வெட்டியது மத்தியானம் மூடிக்கொண்டது. கமலாத்தாள் இரவல் மாடு பூட்டி, தானே ஏர் பிடித்து நாலு சால் ஓட்டினாள். ஏர் போன இடம் பின்னாலேயே இறுகி, களத்துமேடுபோலக் கெட்டியாயிற்று. விதைத்த கடலை அப்படியே மேலே கிடந்தது. பிற்பகல் பஸ்ஸில் வந்தவர்கள் அதைப் பொறுக்கித் தின்றார்கள்.

வைகாசி பதினைந்தாம் தேதி கடிதம் வந்தது. மத்தியாஸ் அதைப் படித்துக் காட்டினார். படிக்கும்போது அவர் கமலாத்தாளைப் பார்க்கவில்லை. ரோடு எங்கே இருக்கிறதோ அதுதான் ரோடு என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். ஆனி இரண்டாம் தேதி சர்வேயர் வந்து கல் நடுவார். நாலு ஏக்கரும் நிரந்தரமாகத் தேசிய நெடுஞ்சாலைக்குச் சேரும். பாலத்தை வேறெதற்காவது பயன்படுத்திக்கொள்ளலாம்.

"ஆடியில கடலை போடறதுக்குக் காடு வேணுமுங்க," என்றாள் கமலாத்தாள். மத்தியாஸ் குடையை விரித்துக்கொண்டு போனார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். பாலக்காட்டுக் கணவாயில் மேற்கேயிருந்து மேகாற்று தொடங்கியிருந்தது. ரோடு அசை போட்டுக்கொண்டிருந்தது. காற்றில் வந்த ஒரு மாட்டு ஈ அவள் காலருகே உட்கார்ந்தது. அந்த இடம் சிலிர்த்தது. அவள் கையை அங்கே வைத்தாள். மறுபடி சிலிர்த்தது. நாற்பத்தாறு வயதுக்குள் அவள் தொட்டு வளர்த்த மாடுகள் எத்தனையோ. எழுந்து நேரே வீட்டுக்குள் போனாள்.

"ஏனுங்க, ரோட்டை என்ன பண்ணி வெச்சீங்க?"

சின்னையன் விளக்குத் திரியைச் சரி செய்தான். இப்போது ஆள் கேட்டுவிட்டதால் சொன்னான். மஞ்சள் தண்ணீர், களி, கல்லுக்கு அடியில் மண், எல்லாம் சொன்னான்.

"காதுல என்ன சொன்னீங்க?"

"இது உன்ற ஊடுன்னு சொன்னேன்."

"கன்யாகுமரிக்குப் போறதப் புடிச்சு, இது உன்ற ஊடுன்னு சொன்னீங்களாக்கு?"

"கண்ணுக்குட்டி வாலுல ஏறிருச்சே புள்ள."

கமலாத்தாள் திட்டினாள். திட்டி முடித்தபோது சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது காடு ஞாபகம் வந்தது. இருவரும் போய்க் கட்டுத்தறிக் கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். அடியில் நாற்பது வருஷத்து மாடுகளின் காலடி மண் இருந்தது. ரோட்டின் சிட்டிகை எது என்று பிரிக்க முடியவில்லை. கல்லைத் திரும்ப வைத்தார்கள். அந்த வீட்டில் கட்டின மாட்டை அவிழ்த்துவிட்டால் போகாது, துரத்தினாலும் போகாது, சும்மா கொடுத்தால் திரும்பி வரும். முறையாக விற்றால் மட்டும் போகும். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டு வர வேண்டும். விற்கிறவள் வாசலுக்கு வரக் கூடாது. மாடு அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் விற்றது விற்றதாகாது.

கமலாத்தாளின் தம்பி சென்னிமலை பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகன். சொல்லி அனுப்பியதும் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆச்சரியப்படவில்லை. இதைவிட முரட்டு மாடுகளை விற்றிருப்பதாகச் சொன்னான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தான். குனிந்து சுழி தேடினான். பட்டிக்குப் பக்கத்தில் ஒன்றும், பள்ளத்தில் இறங்குமிடத்தில் ஒன்றும் கண்டுபிடித்தான். இரண்டும் நல்ல சுழி. பல் பார்க்க வழியில்லை.

"வயசு சொல்ல முடியாதுங் மாமா. ஆனா நடை சுத்தம். பாரம் இழுக்கறதுல இத மிஞ்ச ஆளில்லை," என்று சின்னையனிடம் சொன்னான். வெறும் அபிப்பிராயம் சொல்லும்போதும் அவனுக்கு விற்கிற குரல்தான் வரும்.

மத்தியாஸை வரவழைத்தார்கள். அவர் முதலில் கோபப்பட்டார். அரசாங்கத்து ரோட்டை அரசாங்கமே எப்படி விலைக்கு வாங்கும் என்று கேட்டார்.

"விக்கறவங்க இருக்கறாங்க. உருப்படி கண்ணு முன்னால நிக்குது. வாங்கறவரு நீங்க. இதுல என்னங்க கொழப்பம்?" என்றான் சென்னிமலை.

மத்தியாஸ் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தார். பஸ் ஒரு குலுங்கு குலுங்கிற்று. குடையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"என் பேரில் வாங்கினால்?"

"உங்க ஊட்டுக்கு வந்துருமுங்க."

மத்தியாஸ் தன் வீட்டை நினைத்துப் பார்த்தார். முற்றத்தில் ஒரு பலாமரம், துணி காய்கிற கொடி, கோழிக்கூடு. அங்கே கன்னியாகுமரி ரோடு வந்து படுத்துக்கொண்டால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பாலத்தின் பேரிலேயே வாங்குவதாகச் சொன்னார். சென்னிமலை தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கை மேலும் அவர் கை மேலும் போட்டான். சந்தையில் விலை பேசுவது விரல்களால்தான். வெளியே யாருக்கும் தெரியாது. மத்தியாஸுக்கு விரல் கணக்குப் புரியாது. ஆனாலும் இரண்டு தரம் தலையாட்டினார். மூன்றாம் தரம் சிரித்தார். விலை முடிந்தது. அது என்ன விலை என்று அந்த இரண்டு பேரும் கடைசிவரை சொல்லவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து கமலாத்தாள் சரி என்றாள்.

ஆனி முதல் தேதி, நல்ல நேரம் பார்த்து, மத்தியாஸ் புதுக்கயிற்றோடு வந்தார். ஆலப்புழைத் தேங்காய்நார்க் கயிறு, பன்னிரண்டு முழம். கொம்பு எங்கே என்று கேட்டார். ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கல்லில் கட்டச் சொன்னான் சென்னிமலை. கமலாத்தாள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியாஸ் ஒரு பிரார்த்தனையைச் சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டு நடந்தார். கயிறு விறைக்கவில்லை. கல் பின்னாலேயே வந்தது. கல்லோடு ரோடும் வந்தது. அந்த நேரத்தில் ரோட்டின் மேல் முப்பத்தேழு லாரிகளும் இரண்டு பஸ்களும் ஒரு ஜீப்பும் இருந்தன. அவையும் இன்ஜின் ஓடாமலே கூட வந்தன. டிரைவர்கள் கையை வெளியே போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்கள். ரோடு பட்டியை ஒரு தரம் சுற்றிவிட்டு, கடலைக்காட்டைக் குறுக்காகத் தாண்டி, ஆடுகளை விரட்டிக் காலி செய்து வைத்திருந்த பாலத்தின் வாயில் போய் நின்றது.

நின்றது நின்றதுதான். முன்னால் போகவில்லை. பாலத்தின் சிமெண்டை முகர்ந்துவிட்டு இரண்டடி பின்வாங்கிற்று. கடைசி லாரி ஒரு பனைமரத்தில் இடித்தது. மத்தியாஸ் இழுத்தார். சென்னிமலை பின்னாலிருந்து நாக்கைச் சொடுக்கினான். சின்னையன் களி கொண்டுவந்து காட்டினான். அசையவில்லை. கிழக்கே வாளையார் செக்போஸ்ட்வரைக்கும், மேற்கே பாலக்காடு வரைக்கும் வண்டிகள் நின்றன.

"வா மோனே. எடா, நல்ல குட்டியல்லே, வா," என்று மத்தியாஸ் தேசிய நெடுஞ்சாலையைக் கெஞ்சினார். மத்தியானமாயிற்று. அவருக்குக் குரல் கட்டிவிட்டது.

கமலாத்தாள் கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரோடு நடுங்கும் சத்தம் அவளுக்கு மட்டும் தெரிந்தது. லாரிகளின் பின்கதவுச் சங்கிலிகள் ஒரே சீராகக் கிலுகிலுத்தன. என்ன காரணம் என்றும் அவளுக்குத் தெரிந்தது. பாலம் என்றால் எந்த மாடும் பயப்படும். காலடியில் வெறும் குழி இருப்பது அதற்குக் கேட்கும். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே வந்த சின்னையன் குறுக்கே நின்றான்.

"போகாத புள்ள. உன்ற மூஞ்சியப் பாத்தா திரும்பி வந்துரும். அப்பறம் காடு போச்சு."

"நாளைக்கு சர்வேயர் கல்லோட வந்தாலும் காடு போச்சுங்க. இது பயந்து நிக்குது. பயந்து நிக்கறத இழுத்தா வருமா?"

கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ரோடு அவளைப் பார்த்தது. முப்பத்தேழு லாரிகளும் அவள் பக்கம் அரை அடி திரும்பின. அவள் அதைக் கவனிக்காததுபோலக் காட்டில் இறங்கி, ஒரு கூடை செம்மண்ணை அள்ளிக் கொண்டுபோய்ப் பாலத்தின் வாயில் கொட்டிக் காலால் பரப்பினாள். இரண்டாவது கூடையைக் கொட்டினாள். சிமெண்ட் தெரியாமல், சத்தம் கேட்காமல், அது படுத்த மண்ணின் வாசனையோடு பாலம் இருக்க வேண்டும். நீளம் நூற்று நாற்பது அடி. பத்தாவது கூடையில் வேதமுத்து லாரியிலிருந்து குதித்தான்.

"அக்கா, இன்னொரு கூடை கிடக்கா?"

கூடை இல்லை. அவன் தலைத்துண்டில் அள்ளினான். அதைப் பார்த்து மற்ற டிரைவர்கள் இறங்கினார்கள். சர்தார்ஜி ஒருவர் பக்கெட்டில் அள்ளினார். பஸ்ஸில் இருந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்குப் போசிகளைக் காலி செய்துவிட்டு வந்தார்கள். ஒரு பஸ்ஸில் கோயமுத்தூரிலிருந்து குருவாயூருக்குப் போகிற கல்யாணக் கூட்டம் இருந்தது. சீர்த் தாம்பாளங்களில் மண் போயிற்று. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளினான். முகூர்த்தம் நாளைக்குத்தான், அவசரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னான். நாதஸ்வரக்காரர் சும்மா நிற்க மனமில்லாமல் வாசிக்க ஆரம்பித்தார். மத்தியாஸ் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தார். அதில் மற்ற எதையும்விட அதிகம் மண் பிடித்தது. மூன்று மணிக்குப் பாலம் முழுக்க ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் கிடந்தது. பின்னால் நின்ற வண்டிகளிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து நானூறு பேர் மண்ணும் வியர்வையுமாக இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள்.

கமலாத்தாள் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் வந்து, அதன் மேல் கை வைத்தாள்.

"போ சாமி. மண்ணுதான். நம்ம மண்ணுதான்," என்றாள்.

ரோடு ஒரு அடி வைத்தது. நின்று பார்த்தது. இன்னொரு அடி வைத்தது. அவள் கல் மேல் வைத்த கையை எடுக்காமல் கூடவே நடந்தாள். பாதிப் பாலத்தில் நடுக்கம் நின்றது. மறுகரையைத் தொட்டதும் முதல் லாரி தானாகவே ஹார்ன் அடித்தது. பின்னால் முப்பத்தாறும் அடித்தன. வாளையாரிலும் பாலக்காட்டிலும் காத்திருந்தவர்கள், என்ன விஷயம் என்று தெரியாமலே தாங்களும் அடித்தார்கள். ரோடு பாலத்தின் மேல் நீட்டிப் படுத்துக்கொண்டது. கல்யாணக் கூட்டம் கிளம்பிற்று. மாப்பிள்ளையின் நெற்றியில் ஒட்டிய மண்ணைத் துடைக்க வேண்டாம் என்று பெண்ணின் அம்மா சொல்லிவிட்டாள்.

மறுநாள் சர்வேயர் இரண்டு ஆட்களோடும் பதினாறு கல்லோடும் வந்தார். காட்டில் ரோடு இல்லை. அது கிடந்த இடத்தில், மாடு படுத்து எழுந்ததுபோல, மண் மிதமான சூட்டோடு பொலபொலவென்று இருந்தது. கமலாத்தாள் அதில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். சர்வேயர் மோர் குடித்துவிட்டு, கற்களை வண்டியில் திரும்ப ஏற்றினார். ஆடியில் நாலு ஏக்கரும் கடலை போட்டார்கள். கார்த்திகையில் பிடுங்கியபோது பள்ளம் ஓரத்துச் செடிகளில் காய்க்கு மூன்று பருப்பு இருந்தது. வேதமுத்து ஒரு மூட்டையைக் கொச்சிவரை கொண்டுபோய்ப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தான். மத்தியாஸுக்குப் பத்தனம்திட்டைப் பக்கம் மாற்றலாயிற்று. போவதற்கு முன் வந்து சொல்லிக்கொண்டார். பாலத்தின் மேல் கொட்டிய மண்ணைப் பெருக்க வேண்டாம் என்று ரோட்டைப் பராமரிக்கிற கேங் கூலிகளிடம் சொல்லியிருந்தார்.

முகத்தைப் பார்த்தால் திரும்பி வரும் என்று சின்னையன் சொன்னது தப்பில்லை. 1975 தை மாதம், மாடுகளுக்கான பட்டிப் பொங்கலன்று காலை எட்டு மணிக்குக் கமலாத்தாள் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ரோடு பட்டியைச் சுற்றிப் படுத்திருந்தது. மேலே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கறவை மாடு மிரளவில்லை. அது ஏற்கெனவே அறிமுகமான ரோடு. கமலாத்தாள் பானையைக் கையில் வைத்தபடி நின்றாள். கடலை பிடுங்கி முடித்த காடு. கெடுவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் போகுமா, தங்கிவிடுமா என்று தெரியாது. அன்று முழுக்க அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்ததற்கு மரியாதையாகக் கிலோமீட்டர் கல்லுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மாடுகளுக்கு ஊட்டிய பொங்கலில் அதற்கும் ஒரு உருண்டை வைத்தாள். பொழுது சாய்ந்ததும் ரோடு எழுந்தது. ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டது. யாரும் பிடிக்காமலே காட்டைத் தாண்டிப் போய்ப் பாலத்தின் மேல் படுத்துக்கொண்டது.

"போயிருச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டான் சின்னையன்.

"அதுக்கு ஊடு தெரியுதுங்க," என்றாள் கமலாத்தாள்.

அதன்பின் வருஷா வருஷம் பட்டிப் பொங்கலுக்கு வந்தது. ஒரு நாள்தான், பகலில்தான். கோயமுத்தூர்–பாலக்காடு பஸ்களில் அன்றைக்கு இடம் கிடைக்காது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கமலாத்தாள் ஐந்து பானை மோர் கரைத்தாள். 1979-இல் அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த ஓவர்சியர், தை மாதத்தில் ஒரு காலை சைக்கிளில் ரோட்டைப் பார்வையிட வந்தார். பாலத்தின் மேல் ரோடு இல்லை. கேங் கூலி காளிச்சாமி கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். ரோடு எங்கே என்று ஓவர்சியர் கேட்டார்.

"அம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுங்க. பொழுதோட வந்துரும்," என்றான் காளிச்சாமி, பிரஷ்ஷை நிறுத்தாமல்.

ஓவர்சியர் சைக்கிளைச் சாத்திவிட்டு, சுண்ணாம்பு படாத இடமாகப் பார்த்துச் சுவரில் உட்கார்ந்தார். ஐந்தே முக்காலுக்கு வந்தது.